நான் ரவுட்டர் வாங்கிய லட்சணம்

எங்கள் ஊரில் ரவுட்டரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கும்தான் தெரியாது. ஆனால் தெரியாத ஒருவன்கூட வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. கனெக்‌ஷன் கொடுத்தவன் பேசினான், கடைக்காரன் பேசினான், அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காட்டுவதையே பிழைப்பாக வைத்திருக்கிற யூடியூப்காரர்கள் பேசினார்கள். எல்லாருடைய பேச்சையும் கேட்டுக்கொண்டு, வைகாசி மாதம் முழுவதையும் பாழாக்கினேன்.

என் வேலை கல்யாண வீடியோ எடிட்டிங். ஏழு வருடம் சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் உட்கார்ந்து செய்தேன். விடுதியில் தங்கினேன். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளிமாநிலம். மகள் சங்கராபுரத்தில் என் மாமியாரிடம் வளர்ந்தாள். அவளைப் பொறுத்தவரை நான் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிற ஒரு ஆள். அவளுக்குப் பதினோரு வயது ஆனபோது, இதற்கு மேல் என்னால் முடியாது என்று முதலாளியிடம் சொன்னேன். கம்ப்யூட்டரை வீட்டுக்கே கொண்டுபோகிறேன், வேலையை அங்கிருந்து செய்கிறேன் என்றேன். அவர் யோசித்தார்.

"ஆடி பிறக்கிற வரைக்கும் பார்க்கலாம்மா. வைகாசி, ஆனி முகூர்த்தம் உன் வூட்லேர்ந்து ஒழுங்கா ஓடுச்சுன்னா அங்கியே இரு. ஓடலன்னா இங்க வந்துடு. வர முடியாதுன்னா விட்டுடு. நான் வேற ஆள் பார்த்துக்கறேன்."

நியாயமான பேச்சு. எனக்கு அவர்மீது கோபம் இல்லை.

கோபம் அந்த ஃபைல்கள் மீது. முன்பெல்லாம் ஒரு கல்யாணம் என்றால் தாலி கட்டுவார்கள், சாப்பிடுவார்கள், முடிந்தது. இப்போது கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையையும் பெண்ணையும் கரியாலூர்ப் பக்கம் அருவிக்குக் கூட்டிப்போய்விடுகிறார்கள். பாறைமேல் நிற்கவைத்து, தலைக்குமேல் ட்ரோனைப் பறக்கவிட்டு, ஒருவரை ஒருவர் பார்க்கச் சொல்கிறார்கள். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அதை நான்கு கேமராவில் எடுத்து, பத்து மடங்கு மெதுவாக ஓடவிட வேண்டுமாம். மாப்பிள்ளை வழுக்கி விழுந்த இடம் ஒன்றுதான் பார்க்கும்படி இருக்கும். அதைத்தான் முதலில் வெட்டச் சொல்வார்கள். இந்தக் கூத்து ஒரு ஜோடிக்கு நூறு ஜிபிக்குக் குறையாது.

இந்த நூறு ஜிபி எனக்கு மட்டும் வந்தால் போதாது. எடிட்டர்கள், கேமராக்காரர்கள், ஆல்பம் போடுகிறவர்கள் என்று நாங்கள் இருபது பேர், ஊருக்கு ஒருவராக இருக்கிறோம். எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் ஒரு மென்பொருள் ஓடும். ஒருவர் ஒரு ஃபைலைப் போட்டால் அது துண்டு துண்டாக உடைந்து மற்ற எல்லாருக்கும் போகும். வாங்கியவர் வாங்கிய துண்டை அடுத்தவருக்குக் கொடுப்பார். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கொடுக்கல் வாங்கல் என் வீட்டு ரவுட்டர் வழியாக நடக்கும்.

அந்த ரவுட்டர், கனெக்‌ஷனோடு சேர்த்து இலவசமாக வந்த வெள்ளைப் பெட்டி. சோப்பு டப்பா மாதிரி இருக்கும். வேலை ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அதன் யோக்கியதை தெரிந்துவிட்டது. ஒரு மணி நேரம் ஓடும், தொட்டால் சுடும், அப்புறம் எல்லா விளக்கும் எரிந்துகொண்டே செத்துப்போகும். அணைத்துப் போட்டால் இன்னொரு மணி நேரம் ஓடும்.

கனெக்‌ஷன்காரனைக் கூப்பிட்டேன். எங்கள் பகுதி முழுக்கக் கேபிள் டிவியும் இன்டர்நெட்டும் அவன்தான் கொடுக்கிறான். வந்தான். அணைத்துப் போட்டான். எரிந்தது. ஆபரேஷன் செய்து முடித்த டாக்டர் மாதிரி கையைத் தட்டிக்கொண்டான்.

"அதை நானே பண்ணுவேன். ஏன் நிக்குதுன்னு சொல்லு."

"இன்னாக்கா இவ்ளோ ஏத்தி எறக்கறீங்கோ? புதுப் படம் எதுனா நெட்ல விடறீங்களா?"

"கல்யாண வீடியோடா."

"அவ்ளோ பெரிய கல்யாணமா?"

நான் பார்த்த பார்வையில் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"இந்தப் பொட்டி உங்களுக்குத் தாங்காதுக்கா. கள்ளக்குறிச்சில போயி நல்ல ரவுட்டரா ஒண்ணு வாங்கிக்குங்க."

"நல்லதுன்னா எது?"

"கொம்பு ஜாஸ்தியா கீறது."

கொம்பு என்று அவன் சொன்னது ஆண்டெனாவை. இதுதான் எங்கள் தாலுகாவின் தொழில்நுட்ப அறிவு. மாட்டுச் சந்தையில்கூட இதைவிட நான்கு கேள்வி அதிகம் கேட்பார்கள்.

யூடியூபில் பார்த்தேன். ஒருவன் அட்டைப்பெட்டியைக் கத்தியால் கிழிக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டான். உள்ளே இருந்த ஒயரின் நீளத்தைச் சொன்னான். ரவுட்டரின் கறுப்பு நிறம் 'பிரீமியம்' என்றான். விளையாட்டு விளையாடினால் பறக்கும் என்றான். நூறு ஜிபி ஃபைலை இருபது பேருக்கு அனுப்புகிறவளுக்கு எது வேண்டும் என்று எவனும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போனேன்.

கடைக்காரர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"சார் வரலீங்களா?"

"சார் லாரில போயிருக்காரு. ரவுட்டரு எனக்கு."

"எத்தினி ரூமுங்க வூட்ல?"

நான் ரூம் கணக்கு சொல்லவில்லை. இருபது பேர், துண்டு துண்டாகப் போகிற ஃபைல், ஒரு மணி நேரத்தில் செத்துப்போகிற பெட்டி, எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்ததும் சொன்னார்:

"ஆறு கொம்பு கீது, எட்டு கொம்பு கீது. எட்டு எடுத்துக்குங்க. நாலு மாடிக்குப் பாயும்."

"எங்க வூட்ல மாடியே இல்லீங்க. கம்ப்யூட்டரு ரவுட்டருக்குப் பக்கத்துலயே, ஒயர்ல மாட்டியிருக்குது."

"அப்போ இன்னும் சூப்பரா பாயும்."

இவ்வளவு திட்டுகிற நான் என்ன செய்தேன்? எட்டுக் கொம்பையே வாங்கினேன். எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, கெட்டிக்காரத்தனமாக ஏதோ செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு வேறு.

மாட்டினேன். மல்லாக்கப் போட்ட நண்டு மாதிரி இருந்தது. சிக்னல் தெருமுனை டீக்கடை வரை போனது. டீக்கடைக்காரர் பாஸ்வேர்டு கேட்டார். என் ஃபைல்கள் மட்டும் இரண்டாம் நாள் பழையபடி நின்றன.

எங்கள் இருபது பேரில் திருவண்ணாமலையில் ஒருத்தி இருக்கிறாள். என்னைவிட மோசமான வாய். அவளுக்குப் போன் செய்து புலம்பினேன்.

"ஒயர்ல மாட்டிக்கினு கொம்பு எதுக்குடி உனக்கு? தலையில வெச்சிக்கினு ஆடவா?"

"கடைக்காரரு சொன்னாரு."

"கடைக்காரனா எடிட் பண்ணப் போறான்? உள்ள இன்னா கீதுன்னு பாத்தியா? மெமரி எவ்ளோ? ஒரே நேரத்துல எத்தினி கனெக்‌ஷன் தாங்கும்? ஒயரு போர்ட்டு கிகாபிட்டா, பழசா? பாத்தியா?"

பார்க்கவில்லை. அவள் திட்டிக்கொண்டே சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ரவுட்டர் என்பது பஸ் கண்டக்டர் மாதிரி. யார் எங்கே ஏறினார், எங்கே இறங்குகிறார், யாருக்குச் சில்லறை பாக்கி என்று எல்லாம் அவர் ஞாபகத்தில் இருக்க வேண்டும். நாற்பது பேர் ஏறினால் சமாளிப்பார். நானூறு பேர் ஒரே நேரத்தில் ஏறிக் கத்தினால் விசிலைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். பஸ்ஸுக்கு வெளியே எட்டு ஹாரன் கட்டினால் கண்டக்டருக்கு ஞாபகசக்தி வந்துவிடுமா? வராது. நிறைய ஃபைல் பகிர்கிறவர்கள் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கிற மெமரியையும் ப்ராஸசரையும், ஒயர் மாட்டுகிற போர்ட்டின் வேகத்தையும், நாள் முழுக்க ஓடினாலும் சூடாகாமல் இருக்கிறதா என்பதையும்தான். கூடவே நம்முடைய ப்ளானில் அப்லோடு வேகம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். டவுன்லோடு வேகத்தை எல்லாரும் பெரிய எழுத்தில் போடுவார்கள். அப்லோடைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

மறுநாளே கடைக்குத் திரும்பப் போனேன். பிரித்த பெட்டியை எடுக்க முடியாது என்றார் கடைக்காரர். எடுக்க வேண்டாம், மெமரி ஜாஸ்தியாக இருக்கிற வேறொன்றைக் காட்டுங்கள் என்றேன். அவருக்கு மெமரி என்றால் போனுக்குள் போடுகிற கார்டு. நானே அலமாரியைத் துழாவினேன். அடித்தட்டில், தூசிக்குள், சாம்பல் நிறத்தில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தேன். திருவண்ணாமலைக்காரி சொன்னது எல்லாம் இருந்தது.

"அது ஏதோ ஆபீசுக்காரங்க கேட்டுட்டு, வாங்காம வுட்டதுங்க. அதுல வைஃபையே கெடையாது. கொம்பே இல்ல பாருங்க," என்றார், மொட்டை மாட்டைக் காட்டுகிறவர் மாதிரி.

"இதைக் குடுங்க."

"அப்புறம் பாயலன்னு சொல்லக் கூடாது."

அந்தத் தகரப் பெட்டி ஒரு நாளும் நின்றதில்லை. எட்டுக் கொம்பனை மாமியாருடைய போனுக்கு வைஃபை கொடுக்கப் பின்னால் மாட்டிவைத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் இரவு முழுக்க ஃபைல்கள் போயிருக்கும். ஆனி பிறந்திருந்தது. பிழைத்தேன் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் கவனித்தேன். சில நாள் சாயங்காலம் மூன்று, நான்கு மணிக்கு லைன் செத்துப்போகிறது. ஆறு, ஏழு மணிக்கு வருகிறது. இது முன்பே நடந்துகொண்டிருந்திருக்கும். நாள் முழுக்க நின்று நின்று ஓடுகிற பெட்டியில் சாயங்காலச் சாவை மட்டும் யார் தனியாகப் பார்ப்பது? இப்போது ரவுட்டர் விழித்துக்கொண்டிருந்தது. லைன்தான் இல்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளி போன் செய்தார். ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். முழு வீடியோவும் மூல ஃபைல்களும் நான் அனுப்ப வேண்டும்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஃபைல் இங்க இருக்கணும்மா. ஃபைல் இல்லன்னா திங்கக்கிழமை காலைல நீ இங்க இருக்கணும்."

அன்று புதன்கிழமை. மூன்று மணிக்கு லைன் போனது. கனெக்‌ஷன்காரனைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் நெட் வருகிறதா என்று கேட்டேன்.

"நாங்க புடுங்கிப் போட்டுட்டமே. மேகம் நிக்குதுல்ல," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மேற்கே பார்த்தேன். கல்வராயன் மலைமேல் மேகம் கறுத்து நின்றது. எங்கள் ஊரில் மலைமேல் மேகம் நின்றால் எல்லாரும் எழுந்துபோய் ப்ளக்கைப் பிடுங்குவார்கள். டிவி, ஃப்ரிட்ஜ், மிக்ஸி, எல்லாம். மழை இங்கே வருமா வராதா என்று பார்ப்பதில்லை. என் மாமியாரும் பிடுங்குவார். என் அறைக்குள் மட்டும் வரமாட்டார், முதல் வாரமே நான் போட்ட சத்தம் அப்படி. ஆகவே தெருவில் நெட் செத்ததா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லாருடைய பெட்டியும் அந்த நேரம் அணைந்திருக்கும். விழித்திருக்கிற ஒரே பைத்தியம் நான்தான்.

வீட்டுக்கு வருகிற ஒயரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அது கம்பத்தில் ஏறி, வேப்பமரத்தில் சுற்றி, மூலை வீட்டின் சன்ஷேடுக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் போனது. தெருவில் உள்ள அத்தனை ஒயரும் அந்தப் பெட்டிக்குள்தான் போயிற்று. உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கரண்ட் ஒயர் ஜன்னல் வழியாக மூலை வீட்டுக்குள் போனது.

கதவைத் தட்டினேன். மூலை வீட்டுப் பெரியவர் வந்தார். கரும்பு, நெல் என்று நல்ல நிலபுலம் உள்ளவர்.

"பெரீப்பா, இந்தப் பொட்டிக்கு உங்க வூட்லேர்ந்தா கரண்டு போவுது?"

"ஆமா. கேபிள்காரன் கேட்டான், குடுத்தேன். எனக்கு நெட்டு ஃப்ரீ."

"இப்போ ஆஃப்ல கீதே?"

"மேகம் நிக்குது, பார்க்கலியா நீ?"

 ஒரு தெருவுக்கே போகிற இன்டர்நெட் இவர் வீட்டு ஹாலில், டிவி ப்ளக்குக்குப் பக்கத்தில் சொருகியிருக்கிறது. மலைமேல் மேகம் ஏறினால் டிவியைப் பிடுங்குகிற கையோடு தெருவையும் பிடுங்கிவிடுகிறார். சீரியல் பார்க்க உட்காரும்போது திரும்பச் சொருகுவார். இதற்காக நான் இரண்டு ரவுட்டர் வாங்கியிருக்கிறேன்.

கனெக்‌ஷன்காரன் மறுநாள் போனை எடுத்தான்.

"உனக்கு இது தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா."

"அப்புறம் ஏன்டா ரவுட்டரை மாத்தச் சொன்ன?"

"அதுவும் நின்னுக்கினுதானே இருந்துச்சு? அவரு பெரிய மனுஷன்க்கா. கரண்டு குடுக்கிறாரு. புடுங்காதீங்கன்னு நான் எப்டி சொல்றது? இன்னிக்கி வரைக்கும் யாரும் கேட்டதில்ல."

யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊருக்கு வாசலில் போர்டு வைத்தால் இதைத்தான் எழுத வேண்டும்.

பெரியவரிடம் மறுபடி போய்க் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்ச வராது, ஆனாலும் கெஞ்சினேன். வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் விடுங்கள் என்றேன்.

"போன வருஷம் இடி எறங்கி மோட்டாரு ஸ்டார்ட்டரு, டிவி, ஃபேனு எல்லாம் கருகிப் போச்சு. என் பேரன் சொவுத்துல சாஞ்சிக்கினு இருந்தான், கை வெலவெலத்துப் போச்சு. உன் கல்யாணப் படத்துக்கு நான் வூட்டைக் கொளுத்திக்கணுமா? மேகம் நின்னா புடுங்குவேன். போம்மா."

 அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமையும் மேகம் நின்றது. நான்கு மணி நேரம் போயிற்று. எடிட் முடிந்து, வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குத்தான் அனுப்ப ஆரம்பித்தேன். மதியம் இரண்டே முக்காலுக்கு அறுபத்தெட்டு சதவீதம் போயிருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் ஓடினால் போதும். ஜன்னலைத் திறந்து பார்த்தேன். மலை தெரியவில்லை, அந்த இடத்தில் மேகம்தான் இருந்தது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, கம்ப்யூட்டரும் ரவுட்டரும் அதில் ஓடும். சென்னையிலிருந்து கொண்டுவந்த சின்ன யு.பி.எஸ். ஒன்று கட்டிலுக்கு அடியில் சும்மா கிடந்தது. அது சாகாமல் இருக்க மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டுவைப்பேன். அதைத் தூக்கி ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டேன். மாமியாரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, திரையில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பெரியவர் ஹாலில் ப்ளக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"புடுங்குங்க பெரீப்பா."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் சண்டைக்கு வருவேன் என்று எதிர்பார்த்திருந்தார் போல.

"உங்க ப்ளக்கை நீங்க புடுங்குங்க. அந்த ஒயரை மட்டும் ஜன்னலுக்கு வெளிய குடுங்க. நான் இந்த பேட்டரில சொருகிக்கறேன். உங்க வூட்டுக்கும் அதுக்கும் ஒட்டு ஒறவு இருக்காது."

யோசித்தார். பிடுங்கினார். ஒயரை வெளியே நீட்டினார். சன்ஷேடுக்கு அடியில் ஒரு செங்கல்லின் மேல் யு.பி.எஸ்ஸை வைத்துச் சொருகினேன். பெட்டிக்கு உயிர் வர இரண்டு நிமிடம் ஆயிற்று. மாமியாருக்குப் போன் போட்டேன்.

"எவ்ளோ காட்டுது?"

"எழுவதுன்னு கீதும்மா. பக்கத்துல ஒரு புள்ளி கீது. அதையும் படிக்கணுமா?"

"வேணாம்."

பேட்டரியில் ஓடுகிற யு.பி.எஸ். சும்மா இருக்காது. பத்து நொடிக்கு ஒரு தடவை கீச்சென்று கத்தும். பெரியவர் ஜன்னலுக்கு உள்ளே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அது இன்னாத்துக்குக் கத்திக்கினே கீது?"

"கரண்டு இல்லன்னு சொல்லுது."

"நாந்தானே புடுங்கனேன், எனக்குத் தெரியாதா? அத்த நிறுத்து."

"நிறுத்த முடியாது பெரீப்பா."

"கல்யாணம் யாரு வூட்டுது?"

"தெரியாது. யாரோ பணக்காரங்க."

"யாருன்னே தெரியாதவங்க கல்யாணத்துக்கு மழையில வந்து நிக்கிற. நல்லா கீதும்மா உன் பொழப்பு."

மழை பிடித்தது. இடி இடித்தபோது தெரு முழுக்கக் கரண்ட் போயிற்று. பெரியவர் வெற்றி பெற்ற மாதிரி என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அடுத்த இடி மலைப் பக்கம் விழுந்தபோது என் கை தானாக யு.பி.எஸ். ஒயருக்குப் போயிற்று. நானும் இந்த ஊர்க்காரிதான். கையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

எண்பத்து நான்கு. தொண்ணூற்று ஒன்று. இடையில் ஒருமுறை மாமியார், "கீழ எறங்கிடுச்சும்மா!" என்று கத்தினார். விசாரித்தால் வேகத்தைப் படித்திருக்கிறார். நான்கு ஐம்பதுக்கு, "நூறுன்னு வந்துட்டு ஒண்ணுத்தையும் காணோம், நான் எதையும் தொடலம்மா," என்றார். யு.பி.எஸ்ஸை அணைத்தேன். பெரியவர், "அப்பாடா," என்றார். அவருக்கு அந்தச் சத்தம்தான் பிரச்சினை.

அடுத்த வாரம் கனெக்‌ஷன்காரனை நிற்கவைத்து அந்தப் பெட்டியை எங்கள் வீட்டுச் சுவருக்கு மாற்றினேன், இன்வெர்ட்டரில். தெருவில் எவன் வீட்டில் நெட் வரவில்லை என்றாலும் இப்போது என் கதவைத் தட்டுகிறார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் தங்கள் ப்ளக்கைத் தாங்களே பிடுங்கிவிட்டு மறந்தவர்கள்.

ஆடி பிறந்ததும் முதலாளி போன் செய்தார். பாராட்டு ஒன்றும் இல்லை. மணலூர்பேட்டையில் சர்ச் சபைக்காரர்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்று வருகிறது, அவர்களுக்கு ஆடி தடையில்லை, ஃபைல் நேராக எனக்கே வரும் என்றார்.

"அப்போ நான் இங்கியே இருக்கலாமா சார்?"

"பின்ன, இங்க வந்து இன்னா பண்ணப் போற?"

மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ நீ இனிமே பஸ் ஏற மாட்டியாம்மா?"

"மாட்டேன்."

கொஞ்ச நேரம் எழுதினாள். அப்புறம், "அப்போ வைஃபை பாஸ்வேர்டு எனக்கும் குடு," என்றாள்.

கொடுக்கவில்லை.